பதினான்காம் அடிக்குறிப்பு

திருகோணமலை,
07.09.2025

அன்பு மகள் ஜதுசாவுக்கு,

கோணேசப் பெருமான் துணையால் இங்கே அம்மாவும் தம்பி நிருபனும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த மலைக்குளிரில் இருமல், தடிமன் ஒன்றும் பிடிக்காமல் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்பித்தான் பேனையை எடுத்தேன். நாள்தோறும் போனில் கதைக்கிற அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். மூன்று தரம் போனில் சொல்ல வெளிக்கிட்டு, மூன்று தரமும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதோடு இது எழுத்தில் இருக்கவேண்டிய விஷயம். ஏன் என்று போகப்போக விளங்கும். முதலில் வீட்டுப் புதினத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, ஆனாலும் குசினியில் நின்றபடிதான் எல்லா வேலையும் செய்கிறாள், கதிரையைப் போட்டு இருந்து வெட்டு என்றால் கேட்கிற ஆளில்லை. கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை, வெயில் நெருப்பாக எறிக்கிறது, கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. துறைமுகத்தில் நாலு நாளாக ஒரு பெரிய கப்பல் நிற்கிறது, நிருபன் சோதனைக்குப் படிக்கிறேன் என்று மாடிக்குப் போய் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நீயாவது போனில் அவனுக்கு இரண்டு வார்த்தை சொல்லு, என்னுடைய ஏச்சு அவனுக்குப் பழகிப்போய்விட்டது.

இனி உன் கட்டுரைக்கு வருகிறேன். நீ அனுப்பியதை அன்றைக்கே அச்சகத்தில் பிரதி எடுத்து, மத்தியானம் சாப்பாட்டு மேசையில் வைத்து வாசித்தேன். பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனையும் கையோடு வந்துவிட்டது. முப்பது வருடமாக அச்சுப்பிழை தேடிப் புரூவ் பார்க்கிறவனுக்கு முப்பத்திரண்டு பக்கத்தில் மூன்றே மூன்று பிழைதான் அகப்பட்டது, அதிலும் ஒன்று கால்புள்ளி. மகள், எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. முதல் தவணையில் நீ எழுதிக் கொடுத்த ஒப்படை ஞாபகம் இருக்கிறதா? கிழக்கிலங்கைப் பெண்களின் கண்ணீர் கடலைவிடப் பெரியது என்று தொடங்கியிருந்தாய். உன் விரிவுரையாளர் மேடம் அதன் கீழே கோடு போட்டு, இதை அளந்தது யார் என்று எழுதித் திருப்பித் தந்தார். அன்றைக்கு இரவு நீ போனில் அழுத அழுகையில் அம்மாவும் சேர்ந்து அழுதாள், பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வாருங்கோ என்று என்னோடு சண்டை பிடித்தாள். அந்தப் பிள்ளைதான் இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் சான்று காட்டி, தனக்குத் தெரியாத இடத்தில் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, உசாத்துணைப் பட்டியலே மூன்று பக்கத்துக்குப் போட்டிருக்கிறாள். முதலாம் வருடப் பிள்ளைகளுக்குள் உன் கட்டுரையைத் தெரிந்தெடுத்து இருபத்தைந்தாம் திகதி எல்லோருக்கும் முன்னால் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள், மாணவர் மலரிலும் போடப்போகிறார்கள் என்று கேட்டபோது முதலாளி உட்பட அச்சகத்தில் எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். கல்வெட்டு என்றதும் கல்லில் வெட்டுகிறதோ என்று உன் அறைத்தோழி ஜெஸீமா கேட்டதாகச் சொன்னாயே, அவளுக்காகவே முதல் பக்கத்தில் அழகாக விளங்கப்படுத்தியிருக்கிறாய். ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்தில் வந்தவர்களுக்குக் கொடுக்கிற சிறு புத்தகம், அதில் அவருடைய படம், வரலாறு, செத்த திதிக்கு ஒரு வெண்பா, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். இதை இலக்கியம் என்று யாரும் திரும்பிப் பார்த்ததில்லை, நீ பார்த்தாய்.

பத்தொன்பதாம் பக்கத்துக்கு வந்தபோதுதான் சிவப்புப் பேனையை மூடி வைத்தேன். திரியாயிலிருந்து வெருகல் வரைக்கும் ஏழு ஊர்களில், ஒருவரை ஒருவர் அறியாத ஒன்பது பெண்கள், கணவனை இழந்தபோது ஒரே விதமாக அழுதிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். எமனைத் திட்டுகிறார்கள், விதியைத் திட்டுகிறார்கள், கடலைத் திட்டுகிறார்கள், ஆனால் விட்டுவிட்டுப் போன கணவனை ஒருத்திகூட நொந்துகொள்ளவில்லை, குற்றம் சொல்லாத துயரமே இந்தக் கரைப் பெண்களின் குரல் என்பதுதான் உன் முடிவு. அதற்குத் தலையான சான்றாக நீ எடுத்துக்காட்டியது கட்டைபறிச்சான் திருமதி கனகமணி முத்தனின் புலம்பல். உன் மாமி, என்னோடு கூடப்பிறந்தவள். காலனுக்குக் கண்ணில்லை கைபிடித்த என்துரையை, கோலமெல்லாம் தான்குலையக் கொண்டேகி விட்டானே என்ற அடிகளைப் போட்டு, இது ஒரு பெண்ணின் வாயிலிருந்து மட்டுமே வரக்கூடிய உயிருள்ள சொல் என்று எழுதியிருக்கிறாய். இதெல்லாம் அந்தப் பெண்கள் சொன்னதுதானா என்று எவரும் கேட்டால் காட்டுவதற்கு அடியில் பதினான்காம் குறிப்பு. மனைவியர் சொல்வதையே புலவர்கள் யாப்பில் அமைத்துக் கொடுப்பர், தகவல் க. ஞானசேகரம், திருகோணமலை, தொலைபேசி உரையாடல், 22.06.2025. என் பெயரை நான் ஆயிரம் தரம் அச்சில் பார்த்திருப்பேன், எல்லாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மெய்ப்பு பார்த்தவர் என்று சின்ன எழுத்தில். என்னைச் சாட்சியாக வைத்து ஒருவர் எழுதியது இதுதான் முதல் தரம், அது நான் பெற்ற பிள்ளை, நான் சொன்ன சாட்சி பொய்.

அந்தப் புலம்பல் ஒன்றும் அந்தப் பெண்கள் சொன்னதில்லை மகள். நான் திதி வெண்பா கட்டுவேன் என்பது உனக்குத் தெரியும், மிச்சத்தையும் நானே எழுதுகிறேன் என்பதை வீட்டில் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. 2003இல் பழைய புலவர் காலமானபோது முதலாளி, நீதானே அவருடைய பாட்டையெல்லாம் புரூவ் பார்த்தனி, இனி நீயே எழுதிவிடு என்று என் தலையில் கட்டினார். செத்த எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த கையோடு ஒரு மகனோ மச்சானோ படத்தையும் செத்த திகதியையும் கொண்டு வருவார்கள். புருஷனை இழந்த பெண் வெளியில் வரமாட்டாள், வரவும் விடமாட்டார்கள். வந்தவர் அலுமாரியில் இருக்கிற பழைய கல்வெட்டு ஒன்றை எடுத்து விரித்து, இதைப்போல ஒன்று போடுங்கோ என்பார். நான் கம்ப்யூட்டரில் மனைவி ஒன்று, மனைவி இரண்டு என்று ஆறு வைத்திருக்கிறேன். பெயரை மாற்றி, பிள்ளைகளின் தொகையை மாற்றி, செத்தவர் தோட்டக்காரர் என்றால் மண்ணையும் மீன்பிடிகாரர் என்றால் கடலையும் போட்டுக் கொடுத்துவிடுவேன். நீ ஏழு ஊரில் கண்டுபிடித்த அந்த ஒரே விதமான அழுகை ஒரே மேசையிலிருந்து போனது. நான் உனக்கு அனுப்பிய இருபத்துநாலு கல்வெட்டுகளில் பதினைந்தில் மனைவி புலம்பல் இருக்கிறது, நீ எடுத்துக்காட்டிய ஒன்பதும் அதற்குள்தான், பதின்மூன்று நான் எழுதியது, இரண்டு பழைய புலவருடையது. எவை எவை என்று தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

அப்படியென்றால் ஜூன் மாதம் நீ கேட்டபோது ஏன் ஓம் என்றேன்? முதலாளி பக்கத்தில் நின்றார் என்று சொல்லித் தப்பலாம், அவர் நின்றதும் உண்மைதான். எங்கள் தொழிலில் யார் கேட்டாலும், அவை சொல்லுறதைத்தான் நாங்கள் எழுதுறது என்று சொல்லிச் சொல்லி வாயில் பதிந்துபோன வசனம் என்றும் சொல்லலாம். ஆனால் உள்ளது வேறு. அன்றைக்கு நீ அந்த அடிகளைப் போனில் வாசித்துக் காட்டி, அப்பா இது எவ்வளவு நல்லா இருக்கு என்றாய். இருபத்திரண்டு வருடத்தில் என் எழுத்தைப் பார்த்து ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. என்னுடையது என்று சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லாமல் விட்டால் நீ இன்னும் கொஞ்சம் புகழ்வாய் என்று ஆசையாகவும் இருந்தது. இவ்வளவுதான் காரணம். வளர்ந்த மனுசன் ஒருவன் சொல்லக் கூசுகிற காரணம். அதைவிட மோசமான ஒன்றும் செய்தேன். நீ மாமியை நேரே போய்க் கேட்கட்டுமா என்றபோது, வேண்டாம், அவளுக்கு மனம் நோகும் என்று மறித்தேன். அவளுக்கு நோகும் என்பதற்காக அல்ல, அவள் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும் என்பதற்காக.

முத்தன் மாமா கொட்டியாரக் குடாவில் தோணிக்குள்ளேயே சரிந்து போனபோது உனக்குப் பத்து வயது, உனக்கு அழுகைச் சத்தம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். தோணியில் கூடப்போன மூதூர் றுவைஸ் நானாதான் அவரைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். எட்டாம் நாள் மற்றவர்களுக்குச் செய்யாத ஒன்றை என் தங்கைக்குச் செய்யவேண்டும் என்று நினைத்து, கொப்பியும் பேனையுமாக உள்ளறைக்குப் போய், கல்வெட்டில் என்ன எழுதட்டும் என்று அவளைக் கேட்டேன். அலுமாரியில் சாய்ந்துகொண்டு கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “எனக்கு அவரில கோவம் எண்டு எழுதுங்கோ அண்ணை. மூண்டு கிழமையா அவருக்கு நெஞ்சு நொந்திருக்கு. றுவைஸ் நானாவுக்குச் சொன்னவர், எனக்குச் சொல்லேல்லை. அதை எழுதுங்கோ.” நான் திடுக்கிட்டுப்போனேன். அதைக் கல்வெட்டில போட ஏலாது தங்கச்சி, சனம் என்ன சொல்லும் என்றேன். அவள் என்னைப் பார்த்து, “அப்ப என்னட்டை ஏன் கேட்டனீங்கள்?” என்றாள். அதற்குப் பிறகு ஒன்றும் கதைக்கவில்லை. நான் அச்சகத்துக்கு வந்து மனைவி மூன்றை எடுத்து, கடலைப் போட்டு, கீழே கனகமணி என்று அவள் பெயரை அடித்தேன். நீ எழுதிய குற்றம் சொல்லாத துயரம் அதுதான். குற்றம் சொன்னவளின் வாயை நான் பொத்திவிட்டு எழுதியது.

போன ஞாயிறு உன் கட்டுரையை எடுத்துக்கொண்டு கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் மூதூர் போய், அங்கிருந்து ஓட்டோ பிடித்துக் கட்டைபறிச்சானுக்குப் போனேன். மாமி முற்றத்தில் படங்கு விரித்து நெல் காயப்போட்டு, காலால் கிளறிக்கொண்டு நின்றாள். இருக்கவைத்துத் தேத்தண்ணி தந்தாள், பிள்ளை என்ன எழுதியிருக்கிறாள் வாசியுங்கோ என்றாள். பத்தொன்பதாம் பக்கத்தை வாசித்தேன். காலனுக்குக் கண்ணில்லை என்ற இடத்தில் நிற்பாட்டி, உது ஆர் சொன்னது என்று கேட்டாள். நீதான் என்றேன். நானோ என்றாள். பத்து வருடமாக அந்தக் கல்வெட்டை அவள் விரித்தே பார்க்கவில்லை, கட்டோடு பெட்டிக்குள் கிடக்கிறது. நடந்ததை எல்லாம் சொல்லி, பிள்ளை என்னால் பிழையாக எழுதிவிட்டாள் என்றேன். அவள் திரும்பிப் போய் நெல்லைக் கிளறினாள். எனக்கு ஏதாவது ஆறுதலாகச் சொல்லவேண்டும் என்று வாய் துடித்தது, என்ன சொல்ல வந்தாலும் மனைவி ஒன்றிலிருந்து ஆறுக்குள் ஏதோ ஒரு அடியாகத்தான் வந்தது, அதனால் பேசாமல் இருந்தேன். பிறகு அவளாகச் சொன்னாள். “கோவம் இன்னும் போகேல்லை அண்ணை. விடிய எழும்பினா அவருக்கு ஏசிப்போட்டுத்தான் அடுப்பு மூட்டுறனான். சொல்லியிருந்தா கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பன். நான் இழுத்துக்கொண்டு போவன் எண்டு தெரிஞ்சுதான் அந்த மனுசன் சொல்லேல்லை. எனக்குக் கோவம் விட்டுதெண்டா அவர் உண்மையாவே செத்துப்போடுவார்.” எனக்கு அழுகை வந்துவிட்டது மகள். இருபத்திரண்டு வருடமாகப் பெண்களுக்கு அழக் கற்றுக்கொடுத்தவன் போல் எழுதிக்கொண்டிருந்தவன், அவள் முற்றத்தில் இருந்து அழுதேன். அவள் அழவில்லை, வெயில் ஏறுகிறது உள்ளே போய் இருங்கோ என்றாள்.

வெளிக்கிடும்போது சொன்னாள், “ஜதுவை என்னட்டை அனுப்புங்கோ, இல்லாட்டி போன் எடுக்கச் சொல்லுங்கோ. பிள்ளை கேட்டா நான் சொல்லுவன். என்ர முழுப் பேரும் போடட்டும். ஆனா நீங்கள் பக்கத்தில இருக்கப்பிடாது.” நான் சரி என்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவுக்கும் சொன்னேன். அவள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உங்களுக்கு ஏதும் நடந்தா என்ர புலம்பலை நான் என்ர வாயால சொல்லுவன், அதில பாதியை நீங்கள் இருந்து கேக்கிற காலத்திலேயே சொல்லிப்போடுறன் என்றாள். அன்றைக்கே ஒரு பங்கு சொல்லியும் முடித்தாள். அதில் முதலாவது, பிள்ளைக்குப் பொய் சொன்னது.

இனி நீ என்ன செய்வது என்பதுதான் என் நெஞ்சைப் போட்டு அரிக்கிறது. இருபத்தைந்தாம் திகதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே மேடத்திடம் போ. தள்ளிப்போடாதே, தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அப்பாவைப் பார்த்துக்கொள். போய், என் சான்று பிழைத்துவிட்டது என்று சொல்லு. புள்ளி குறையலாம், வாசிக்கிற இடம் இன்னொரு பிள்ளைக்குப் போகலாம், உன்னோடு படிக்கிறவர்கள் சிரிக்கலாம். நீ இரவிரவாக இருந்து எழுதியதை உன் அப்பனே கெடுத்தான் என்று எனக்குத் தெரியும், அதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் வந்தால் கோபப்படு, போனில் ஏசு, நான் கேட்பேன். ஆனால் அந்தக் குறிப்பைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு, அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று மட்டும் நினைக்காதே. என் பெயர் அங்கேயே இருக்கட்டும். இன்னார் தந்த தகவல் பிழை, அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டார் என்று போடு. மேடத்துக்கு நம்பிக்கை வராவிட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு, கட்டுரையோடு பின்னிணைப்பாகச் சேர்க்கச் சொன்னாலும் சேர், நான் நேரே வந்து சொல்லவேண்டும் என்றாலும் லீவு போட்டுவிட்டு வருவேன். இன்னொன்றும் யோசித்தேன், சரியோ பிழையோ தெரியாது. அந்தப் பதின்மூன்று பாட்டிலும் இருப்பது பெண்களின் குரல் அல்ல, பெண்கள் இப்படித்தான் அழவேண்டும் என்று அச்சகத்தில் இருந்த ஒரு ஆம்பிளை நினைத்தது. கொண்டுவந்த மகன்மார், மச்சான்மார் எல்லோரும் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு போனார்கள். அதுவும் ஆராயத் தக்கதுதானோ என்று மேடத்தைக் கேட்டுப்பார். மாமியோடு கதைக்கும்போது ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அவள் கதையை நிற்பாட்டிவிட்டுப் பேசாமல் இருந்தால் நீ இடையில் ஒரு சொல்லும் போடாதே. அந்த இடத்தில்தான் அன்றைக்கு அப்பா மனைவி மூன்றைப் போட்டுப் பிழைவிட்டது.

கிண்ணியாவில் வீட்டுக்கு வந்து நிற்கிற ஜெஸீமா புதன்கிழமை அங்கே திரும்புகிறாளாம். அவளுடைய வாப்பா ஹஸன் நானாவிடம் கொடுத்துவிடலாம் என்று நாளைக்குக் கிண்ணியாவுக்குப் போகிறேன். இதோடு அம்மா மாசிச் சம்பல் ஒரு போத்தல், பயற்றம் பணியாரம், உன் பச்சைக் கம்பளிச் சட்டை எல்லாம் வைத்திருக்கிறாள். சம்பலை ஜெஸீமாவுக்கும் கொடுத்துச் சாப்பிடு. இரவில் கண்விழித்துப் படிக்கிறேன் என்று வெறும் பிஸ்கற்றோடு படுக்காதே. மாமிக்கு நாலு மணிக்குப் பிறகு எடு, அதற்கு முன் அவள் வயலில் நிற்பாள், போன் கேட்காது. பத்திரகாளி அம்மன் உன் கூடவே நிற்பாள். நீ தலை நிமிர்ந்து நிற்கவேண்டும் என்பதைத் தவிர அம்மாவும் நானும் அவளிடம் கேட்பது வேறொன்றும் இல்லை. படிப்பு நல்லபடி நிறைவேறி நீ நீடூழி வாழ எங்கள் இருவருடைய ஆசியும்.

இருபத்திரண்டு வருடமாக மனைவி என்றும் மகன் என்றும் பேரப்பிள்ளை என்றும் மற்றவர்களின் பெயரைப் போட்டு எழுதினேன். இதன் கீழே என் பெயரைப் போடுகிறேன்.

உன் அப்பா,
கந்தையா ஞானசேகரம்